உதிராத பீச் மரம்

விகோவும் ஐனரும் அண்ணன் தம்பி. லாங்கலாந்துத் தீவில் இருவர் வீடும் முதுகோடு முதுகாக நின்றன. நடுவில், குளிர்காலத்துக்கு முன் இலையெல்லாம் உதிர்க்கும் ஒரு பெரிய பீச் மரம். வாசல்கள் வேறு வேறு தெருக்களில் இருந்ததால் எதிரெதிரே பார்த்துக்கொள்ள வேண்டிய தொல்லை இருக்கவில்லை.

பேச்சு நின்று பல வருடங்கள் ஆகிவிட்டன. ஐனரின் மனைவியை அடக்கம் செய்த அன்று விகோ குடித்துவிட்டு வந்தான். பாதிரியார் பேசிக்கொண்டிருக்கும்போது வாய்விட்டுச் சிரித்தான். எதற்குச் சிரித்தான் என்று அவனுக்கே தெரியாது. அன்றைக்கே ஐனர் அவனைத் தலை முழுகிவிட்டான்.

ஆனாலும் இலை உதிர்ந்தபின், குளிர்காலம் முழுவதும், ஐனர் சமையலறை ஜன்னலில் காப்பிக் கோப்பையோடு நிற்பான். கிளைகளுக்கிடையே அண்ணனின் பின்பக்க ஜன்னல் தெரியும். விளக்கு எரிந்தால், "இன்னும் சாகல" என்று முணுமுணுத்துவிட்டு உட்காருவான். அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

இந்த வருடம் இலை உதிரவில்லை. பனி விழவில்லை, புயலும் இல்லை. நவம்பர் கடைசி வந்தும் மரம் செம்பு நிறத்தில் அடர்த்தியாக நின்றது.

"இந்த மரத்துக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு" என்று கடைக்காரி யூட்டேயிடம் குறைபட்டுக்கொண்டான்.

ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டிருந்த யூட்டே நிமிர்ந்தாள். "ஐனர், உங்க அண்ணன்..."

"அந்தப் பேச்சை எடுத்தீங்கன்னா நாளையிலேர்ந்து வேற கடை பாத்துக்குவேன்."

"ஐயோ சாமி, எனக்கென்ன வந்துச்சு!" என்று அவள் வாயை மூடிக்கொண்டாள். ஊரில் மற்றவர்கள் எப்போதோ மூடிக்கொண்டிருந்தார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முன்வரும் அட்வென்ட் காலத்தின் முதல் மெழுகுவர்த்தி ஏற்றிய ஞாயிறு. தேவாலயத்திலிருந்து திரும்பியவர்கள் பேசிக்கொண்டு போனதை வேலியோரம் நின்று கேட்டுத்தான் ஐனருக்குத் தெரிந்தது. விகோ வெள்ளிக்கிழமை இறந்துவிட்டான். ஈரலில் புற்றுநோய். செப்டம்பரிலிருந்து படுக்கை.

அடக்கத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். பிறகு ஊர்க்கூடத்தில் காப்பி கொடுத்தார்கள். விகோவின் மகள் பிர்கிட் தட்டோடு அவனருகே வந்து நின்றாள்.

"வந்துட்டீங்களே சித்தப்பா. சந்தோஷம்."

"ஒருத்தரும் எனக்குச் சொல்லலியே."

"அப்பாதான் சொல்லக் கூடாதுன்னுட்டார். கட்டிலைப் பின்பக்க ஜன்னலோரமா இழுத்துப் போடச் சொன்னார். 'இலை விழட்டும். பட்டப்பகல்ல நான் படுத்துக் கெடக்கறதப் பாத்தா அவனே வருவான். அவன் அங்கேர்ந்து பாக்கறது எனக்குத் தெரியும்'னார். தினமும் காலையில 'விழுந்துச்சா?'ன்னு கேப்பார். நானே ஏணி போட்டு ரெண்டு கிளைய வெட்டறேன்னேன். விடல. 'நான் கூப்பிட்டதா ஆயிடும்'னுட்டார்."

ஐனர் கோப்பையைக் கீழே வைத்தான். "ஒரு போன் பண்ணியிருக்கலாமே அவன்!"

"பண்ணியிருந்தா எடுத்திருப்பீங்களா?"

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஐனர் பொய் சொல்லிப் பழகாதவன்.

"மாட்டேன்" என்றான்.

பிர்கிட் தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் பொழுது விடிந்ததும் ஐனர் இயந்திர ரம்பத்தைக் கொண்டுபோய் மரத்தில் வைத்தான். சத்தம் கேட்டு பிர்கிட் பின்கட்டுக்கு ஓடி வந்தாள்.

"இப்ப எதுக்கு சித்தப்பா?"

"மறைக்குது."

"இனிமே மறைச்சா என்ன, மறைக்காட்டி என்ன?"

அவன் ரம்பத்தை இன்னும் அழுத்தினான். மதியத்துக்குள் மரம் சாய்ந்தது, ஓர் இலையும் உதிர்க்காமல். அந்தப் பக்கம் ஜன்னல் திறந்து கிடந்தது. உள்ளே பிர்கிட் மெத்தையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஐனர் கையை உயர்த்தினான். அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, மெத்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.