விசில் காதில் விழாதவள்

கவாத்து மைதானத்தில் வரிசையை விட்டு வெளியே போக வேண்டுமானால் ஓரடி முன்னால் வந்து, காரணத்தை மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்திச் சொல்ல வேண்டும். போலீஸ் பயிற்சிப் பள்ளியில் அது சட்டம். அதனால் பெண்கள் அணியில் யாருக்கு எது வந்தாலும் வயிற்றுவலிதான். காதலன் கைவிட்டாலும் வயிற்றுவலி, வீட்டு நினைப்பில் அழுகை முட்டினாலும் வயிற்றுவலி. மருந்தறையில் எப்போதும் கூட்டம். அடுத்த அறையில் மனநல ஆலோசகர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

இரும்பு என்று பெயர் வாங்கியவளுக்கு மட்டும் ஒருநாளும் எந்த வலியும் வந்ததில்லை.

அன்று கலவரப் பயிற்சி. பாதிப் பேர் போலீஸ், பாதிப் பேர் கலகக்காரர்கள். லத்தியில் துணி சுற்றியிருக்கும். இடுப்புக்குக் கீழேதான் அடிக்கலாம். விசில் ஊதினால் நிறுத்திவிட வேண்டும். இரும்பு போலீஸ் பக்கம். எதிரே நின்றவள் வாத்து. விடுதியில் இரும்பின் கீழ்க்கட்டிலில் படுப்பவள்; வாத்து என்பது நடையால் வந்த பெயர். வாத்து நடிப்பில் தாராளம். இரும்பின் முகத்துக்கு நேரே வந்து துப்புவதுபோல் செய்தாள், பச்சையாக ஒரு வார்த்தையையும் எடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்தது இரும்புக்கு நினைவில்லை. சுயநினைவு வந்தபோது நாலு பேர் அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். வாத்து காதைப் பொத்திக்கொண்டு தரையில் கிடந்தாள். விசிலை மூன்று முறை ஊதினார்களாம்.

கவாத்து ஆசிரியை வந்து தோளில் தட்டினார். "பாத்துக்கங்கடி, இறங்குனா இப்படி இறங்கணும். நீங்கல்லாம் கொசு அடிக்கிறீங்க!"

அடித்ததைவிட அந்தப் பாராட்டுதான் இரும்பைக் கலங்கடித்தது. நாளைக்குத் தெருவில் நிற்கப்போவது நிஜக் கூட்டம். லத்தியில் துணி இருக்காது.

சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்து வாத்துவிடம் சொன்னாள். "ஆலோசகரைப் பாக்கப் போறேன்."

"அந்த ஈ ஓட்டுறவரையா? உனக்கென்ன பைத்தியமா?"

"அதைக் கேக்கத்தான் போறேன்."

"சிரிக்க வைக்காதடி, காதுல போட்ட தையல் இழுக்குது. அடிவாங்குன நானே விட்டுட்டேன், உனக்கென்ன? சரி, வயித்துவலின்னு சொல்லிட்டுப் போ. பக்கத்து ரூம்தானே, நைசா நுழைஞ்சிரு."

"நைசா போனா நைசா திரும்பி வந்துருவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"வீட்டுக்கு அனுப்பிட்டா என்னடி பண்ணுவ?"

"அனுப்பட்டும். ஒருத்தன் மண்டையைப் பொளந்துட்டுப் போறதுக்கு இது தேவலை."

மறுநாள் காலை ஓரடி முன்னால் வந்தாள்.

"மேடம்! மனநல ஆலோசகரைப் பாக்கணும் மேடம்! நேத்து விசில் சத்தம் கேக்கல மேடம்!"

வரிசையில் சிரிப்பு பரவியது. "அப்ப காது டாக்டரைப் பாரு" என்றார் ஆசிரியை.

"காது நல்லாருக்கு மேடம். கோபம் வந்தாத்தான் கேக்கல மேடம்!"

சிரிப்பு நின்றது. ஆசிரியை கிட்டே வந்தார். "நேத்து உன்னை நான் பாராட்டுனேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மேடம். அதுக்குத்தான் பயந்துட்டேன் மேடம்!"

இதையும் அவள் கத்தித்தான் சொன்னாள். ஆசிரியையின் முகம் சுருங்கியது. வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "ஓடு" என்றார்.

ஆலோசகர் தூக்கக் கலக்கத்தில் இருந்தார். கதவில் ஆளைக் கண்டதும் சட்டையைச் சரிசெய்துகொண்டார். இரும்பு எல்லாவற்றையும் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் படித்தபோது அண்ணனின் கையை இவள் உடைத்தது, அதுவும் நினைவில் இல்லாதது, வீட்டில் அதை மூடி மறைத்தது உட்பட. அவர் குறிப்பெடுத்துக்கொண்டார்.

"நான் சொல்ற வரைக்கும் நீங்க லத்தியைத் தொடக்கூடாது" என்றார். "இந்த பேட்ச்சோட நீங்க பயிற்சி முடிச்சு வெளிய போறது சந்தேகம்."

"வேலை போயிருமா சார்?"

"தெரியாது. வாரம் ரெண்டு தடவை வாங்க, பாக்கலாம். பயிற்சி நேரத்துலதான் வரணும். ஒவ்வொரு தடவையும் அங்க நின்னு கத்தணும்."

"தொண்டை இருக்கு சார்."

வெளியே வந்தவள் நேராகப் பண்டக அறைக்குப் போய் லத்தியை நீட்டினாள். பண்டகக் காவலர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்கு, ஏன் திருப்பித் தர்றே?"

காரணத்தைச் சொன்னாள். அவர் லத்தியை வாங்கிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார். நிற்கட்டும் என்று விட்டுவிட்டு அவள் மைதானத்துக்கு ஓடினாள். கவாத்து இன்னும் பாதிதான் முடிந்திருந்தது.