நாற்பத்தாறு பல்

கட்டிலின் இரண்டு கால்கள் கூடத்துக்குள் வந்துவிட்டன. மற்ற இரண்டும் வாசலுக்கு வெளியிலேயே நின்றன. சுவரில் சாய்த்து வைத்திருந்த சைக்கிளை நகர்த்தாமல் கட்டிலைத் திருப்ப வழியில்லை. தூக்கிப் பிடித்திருந்த நான்கு ஆண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தம்பியின் உடல் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிவிட்டது என்று அப்போதுதான் போன் வந்திருந்தது.

"அதை யாரும் தொட வேண்டாம்," என்றாள் தம்பியின் மனைவி, அழுகைக்கு நடுவே. "அண்ணி எடுக்கட்டும். அவங்க கையால ஆன வண்டி."

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். ஐம்பத்திரண்டு வயது. தையல் தொழிற்சாலை ஒன்றில் மெக்கானிக். அறுபது மிஷின்களில் எது மக்கர் பண்ணினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் தோளில் தொங்கிய துணிப்பையைக் கழற்றாமலேயே குனிந்து சைக்கிளைப் பிடித்தாள்.

"பையை வெச்சிட்டுத் தூக்குங்களேன்," என்றார் ஒருவர்.

"இருக்கட்டும்."

பின்வாசல் வழியாகத் தள்ளிக்கொண்டு போய், துணி துவைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். பை தோளை அழுத்தியது. அதற்குள் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு இரும்பு இருந்தது. அதை இன்று மதியம் இந்த வண்டியில் மாட்டிவிட வேண்டும் என்று நேற்றே முடிவு செய்திருந்தாள். காலை ஆறு மணிக்கு போன் வந்துவிட்டது.

தம்பி சர்வேயர். அலுவலகத்தில் அவனுக்கு 'டேப்பு' என்று பெயர். பெயருக்கு ஏற்ற ஆள்தான். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட அந்த வீட்டு வாசல்படி ஒரு அங்குலம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தவன். அப்படியும் அவர்கள் பெண் கொடுத்தார்கள். எதையும் இரண்டு தடவை அளப்பான். அளந்ததை அளவுப் புத்தகத்தில் எழுதுவான். ஒவ்வொரு வரிக்கும் எதிரே இரண்டு கட்டம் இருக்கும். எடுத்தவர், சரிபார்த்தவர். இரண்டாவது கட்டம் காலியாக இருந்தால் அந்த அளவு அவனுக்கு அளவே இல்லை.

ஐந்து மாதத்துக்கு முன்னால் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது என்றார்கள். அன்றிலிருந்து வீடே அவனைக் கண்ணாடிப் பாத்திரமாக்கிவிட்டது. உப்பை ஒளித்து வைத்தார்கள். பையைப் பிடுங்கிக்கொண்டார்கள். மாடிப்படிக்குக் கீழே நாற்காலி போட்டார்கள். அவனுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சைக்கிள் சட்டம் ஒன்றைக் கூடத்தின் நடுவில் போட்டு வைத்துவிட்டு அக்காவுக்கு போன் பண்ணினான்.

"அக்கா, ஸ்பானர் எடுத்துக்கிட்டு வா. நான் குனியக் கூடாதாம். நீ குனி."

அப்படித்தான் ஆரம்பித்தது. அவன் நாற்காலியில் உட்கார்ந்து சொல்வான், அவள் தரையில் உட்கார்ந்து மாட்டுவாள். பெயிண்டைச் சுரண்டினாள், துருவைத் தேய்த்தாள், பெடல் சுற்றும் அச்சுக்குப் புது குண்டுகள் போட்டாள். சக்கரத்தைக் கோட்டம் எடுக்க மட்டும் மூன்று ஞாயிறு ஆனது. அவனுக்கு ஒரு மில்லிமீட்டர் ஆட்டம்கூடப் பொறுக்காது.

"ஆறு கியர், ஏழு கியர்னு எவ்வளவோ வருதே, அதுல ஒண்ணு மாட்டிக்கயேன்டா," என்று ஒருநாள் கேட்டாள்.

"கியர் வண்டின்னா ஏமாத்தலாம்க்கா. ஏத்தம் வந்துச்சா, மூச்சு வாங்குதா, டக்குனு கீழ இறக்கிக்கலாம். ஒரே கியர்னா அது நடக்காது. நீ எப்படி இருக்கியோ அதை மூஞ்சிக்கு நேரா சொல்லிடும்."

எந்த ஒரே கியர் என்பதற்கு அவன் இரண்டு வாரம் கணக்குப் போட்டான். பின் சக்கரத்தில் பதினெட்டுப் பல், அதில் சந்தேகமில்லை. முன்னால் பெடலோடு சுற்றும் செயின் வீல்தான் பிரச்சினை. எத்தனை பல் அதிகமோ அத்தனை கனமாக இருக்கும் மிதிக்க, அத்தனை தூரம் போகும் ஒரு மிதிக்கு. தாளில் வரிசையாக எழுதினான். நாற்பது, நாற்பத்திரண்டு, நாற்பத்தாறு.

"நாப்பது போதுமேடா."

"நாப்பதா! அது காய்கறி வாங்கப் போறவங்களுக்கு. நாப்பதுல யார் வேணும்னாலும் மேம்பாலம் ஏறிடுவாங்க, அது கணக்குலயே வராது. நாப்பத்தாறு. ஒரு மிதிக்கு அஞ்சு மீட்டர் முப்பத்தேழு. மேம்பாலத்து ஏத்தம் முந்நூத்தி இருபத்திரெண்டு மீட்டர், நானே அளந்தது. அறுபதே மிதி, உச்சியில இருப்பேன்."

சைக்கிள் சாமான் கடைக்காரரிடம் அக்கா நாற்பத்தாறுதான் கேட்டாள். யாருக்கு என்று அவர் கேட்டார். அவள் ஏன் எல்லாவற்றையும் சொன்னாள் என்று தெரியவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்திருக்கும். வால்வு, மூச்சு, இன்னும் நான்கு வாரத்தில் ஆபரேஷன் என்று ஒன்று விடாமல் சொன்னாள்.

"அம்மா, அந்த உடம்புக்கு நாப்பத்தாறு ஆளையே கொன்னுடும். நாப்பது எடுத்துக்கிட்டுப் போங்க. பாக்கறதுக்கு வித்தியாசமே தெரியாது. நம்பரை வேணும்னா தேய்ச்சிக் குடுத்துடறேன்."

தேய்த்துக் கொடுத்தார். சாணைக்கல்லில் மூன்று நொடி வேலை.

அன்று மாலை அதை மாட்டி, செயினில் அதிகப்படிக் கண்ணிகளை வெட்டி, கறுத்த கையோடு அவள் நிமிர்ந்தபோது தம்பி புத்தகத்தைப் பிரித்து வைத்திருந்தான்.

"எண்ணிட்டியாக்கா?"

"எண்ணிட்டேன். நாப்பத்தாறு."

அவன் எழுதிக்கொண்டான். எழுந்து வந்து பார்க்கவில்லை. உலகத்தில் எல்லாவற்றையும் இரண்டு தடவை அளக்கிறவன், அவள் சொன்னதை மட்டும் ஒரு தடவைகூட அளக்க மாட்டான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதுதான் அவளுக்கு வசதியாகப் போயிற்று.

அடுத்த ஞாயிறு காலை மனைவி கோயிலுக்கோ கடைக்கோ போயிருந்த நேரம் பார்த்து அவன் வண்டியை எடுத்தான். அக்கா கேட்டருகே நின்றாள். இருபத்தைந்து நிமிஷத்தில் திரும்பி வந்தான். சட்டை முழுவதும் நனைந்திருந்தது. உதடு லேசாக நீலம் பாய்ந்திருந்தது, ஆனால் அந்த முகத்தை அவள் எத்தனையோ வருஷமாகப் பார்த்ததில்லை.

"இறங்கவே இல்லக்கா! ஒரு இடத்துலகூட கால் ஊணல."

தண்ணீர் குடித்தான். ஏதோ புத்தகத்தில் எழுதினான். அப்புறம் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு, ஆபரேஷனை மூணு மாசம் தள்ளி வைக்கச் சொன்னான்.

"டேய், என்னடா பண்றே?"

"எனக்கு நானே ஒரு பந்தயம் வெச்சிருந்தேன். உன்கிட்ட சொல்லல, சொன்னா கத்துவே. நாப்பத்தாறுல இறங்காம ஏறிட்டா இந்த வால்வு இன்னும் கொஞ்ச நாள் ஓடும்னு அர்த்தம். ஏறிட்டேன்ல?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். எண்ணெய்த் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்றாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பின் மேல் எப்படிக் கல்லைப் போடுவது என்று தெரியவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள்.

நாளை என்பது நான்கு வாரமாக நீண்டது. "ஆபரேஷனை முடிச்சிடேன்டா" என்று கெஞ்சிப் பார்த்தாள். "பாலம் ஏறினவன்கிட்ட பேசற பேச்சா இது?" என்றான். டாக்டர் இருமுறை கூப்பிட்டார். மனைவி அழுதாள். அவளிடமும் பாலத்தைத்தான் காட்டினான். கடைசியில் அக்கா அதே கடைக்குப் போய் நாற்பத்தாறு பல் செயின் வீலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். மதியம் அவன் தூங்கும்போது மாற்றிவிட்டால் அடுத்த தடவை பாதிப் பாலத்தில் இறங்கிவிடுவான். இறங்கினால் தானே ஆஸ்பத்திரிக்குப் போவான். போன ஞாயிறு அதற்காகவே வந்தாள். அவன் தூங்கவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ரிம்மைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு போனாள்.

ஆபரேஷனுக்கு முதலில் குறித்த நாள் ஒரு வாரத்துக்கு முன்னால் கடந்துபோனது. இன்று விடிகாலை பல் தேய்த்துவிட்டு முகத்தைத் துடைத்தவன், துண்டோடு குளியலறை வாசலில் உட்கார்ந்தான். அவ்வளவுதான்.

உடல் வந்தது. கட்டிலில் கிடத்தினார்கள். பதினோரு மணிக்குள் கூடம் நிரம்பிவிட்டது. தெருவிலும் நாற்காலி போட வேண்டியிருந்தது. வருகிறவர்கள் எல்லோருக்கும் தம்பியின் மனைவி ஒரே விஷயத்தைத்தான் சொன்னாள்.

"நாலு வாரத்துக்கு முன்னாடிதான் அந்த மேம்பாலத்தை சைக்கிள்ல இறங்காம ஏறி வந்தார். அப்படி இருந்த மனுஷன்..."

சொல்லிவிட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி மட்டும் அந்த வண்டியை மாட்டிக் குடுக்கலைன்னா இந்த சந்தோஷம்கூட அவருக்குக் கெடச்சிருக்காது. கடைசி நாலு வாரமும் ராஜா மாதிரி இருந்தார் அண்ணி. உங்களை நான் மறக்கவே மாட்டேன்."

அக்காவுக்கு அந்தக் கையை உதறிவிட வேண்டும்போல இருந்தது. "நான் ஒண்ணு சொல்லணும்மா," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "அந்த வண்டியில..."

அதற்குள் அலுவலகத்து ஆட்கள் உள்ளே வந்தார்கள். முன்னால் வந்தவர் 'லெவல்'. இருபது வருஷமாகத் தம்பி டேப்பைப் பிடிக்க, இவர் மட்டம் பார்க்கும் கருவிக்குப் பின்னால் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நின்றவர். இப்போது இரண்டு கண்ணும் சிவந்திருந்தன. கட்டிலருகே நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அலமாரி மேல் இருந்த அளவுப் புத்தகத்தை எடுத்தார். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது போலும்.

"இந்தப் புத்தகத்தை அலுவலகத்துல தொலைச்சிட்டேன்னு பொய் சொல்லி வீட்டுக்குக் கொண்டுவந்துட்டான் பாருங்க," என்றார். கூடத்தில் இரண்டு மூன்று பேர் அழுகைக்கு நடுவே சிரித்தார்கள். அவர் பக்கங்களைப் புரட்டினார். "சைக்கிளுக்கும் அளவு எழுதியிருக்கான். பின் பல் பதினெட்டு, எடுத்தவர் நான், சரிபார்த்தவர் அக்கா. முன் பல் நாப்பத்தாறு, எடுத்தவர் அக்கா, சரிபார்த்தவர்..." நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அதுக்கும் அக்காதான். ரெண்டு கட்டத்துலயும் ஒரே ஆள். எங்களை இப்படி எழுத விட்டிருப்பானா? கிழிச்சிப் போட்டிருப்பான்."

மறுபடியும் சிரிப்பு வந்தது. அக்காவைச் சிலர் அன்போடு பார்த்தார்கள்.

"இதைக் கேளுங்க. மேம்பாலம், முந்நூத்தி இருபத்திரெண்டு மீட்டர். இறங்கவில்லை. வரவேண்டிய மிதி அறுபது. எண்ணிய மிதி அறுபத்தொன்பது." லெவல் அந்த வரியின் மேல் விரலை வைத்தார். "பக்கத்துல எழுதியிருக்கான். 'எண்ணியதில் பிழை. என்னுடையது.' இருபது வருஷத்துல டேப்பு இப்படி எழுதி நான் பாத்ததே இல்லைங்க. அடுத்தவன் அளவைத்தான் தப்புன்னு சொல்லுவான். தன் அளவைத் தப்புன்னு எழுதினது இது ஒண்ணுதான்."

புத்தகத்தை மூடி, தம்பியின் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

அக்கா எழுந்து பின்பக்கம் போனாள். யாரும் தடுக்கவில்லை. அழப் போகிறாள் என்று நினைத்திருப்பார்கள். அவள் சைக்கிளுக்கு முன்னால் உட்கார்ந்தாள். சோப்புக் கட்டியால் ஒரு பல்லில் வெள்ளைக் கோடு இழுத்தாள். அங்கிருந்து தொடங்கி, விரல் வைத்து எண்ணினாள். நாற்பது. திரும்ப எண்ணினாள். நாற்பதுதான். நாற்பது பல்லுக்கு அறுபத்தொன்பது மிதியும் சரி. ஒன்றுகூட அவன் தப்பாக எண்ணவில்லை. அந்த ஏற்றத்தில், அந்த மூச்சில், ஒரு மிதிகூட விடாமல் எண்ணியிருக்கிறான்.

பையிலிருந்து ஸ்பானரை எடுத்தாள். பெடல் தண்டைப் பிடித்திருந்த நட்டில் வைத்தாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, திரும்பப் பையில் போட்டாள்.

மூன்று மணிக்கு சவ வண்டி வந்தது. பின்னால் ஓட்டுநரின் முதுகை ஒட்டி ஒரு நீள இருக்கை. தம்பியின் மனைவியும் அக்காவும் அதில் உட்கார்ந்தார்கள். காலடியில் அவன் கிடந்தான். வளைவுகளில் உடல் லேசாக அசைந்தது, அக்கா தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னமோ சொல்லணும்னீங்களே அண்ணி, வண்டியைப் பத்தி," என்றாள் தம்பியின் மனைவி. முகம் வீங்கியிருந்தது. கேட்பதற்குத் தெம்பு இல்லாமலும் கேட்டாள். "அதை அப்படியே வெச்சிருக்கேன். யாருக்கும் தரமாட்டேன். அந்த நாப்பத்தாறு பல்லை மாத்தாம அப்படியே."

அக்கா வாயைத் திறந்தாள். பைக்குள் இருந்த இரும்பின் பற்கள் துணியைத் தாண்டித் தொடையில் குத்தின.

"ஆமாம்மா," என்றாள். "அப்படியே இருக்கட்டும்."

மேம்பாலம் வந்தது. முன்னால் லாரி ஒன்று மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, கிளட்சை மிதித்து, கியரைக் கீழே இறக்கினார். வண்டி சிரமமே இல்லாமல் ஏறியது.