பிரஜாபதி வந்த வாசல்

சுலோசனாவுக்கு மறதி என்பதே கிடையாது. வங்காளத்தில், கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் எல்லோருக்கும் இது தெரியும். சாந்த்ராகாச்சியிலிருந்து பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த ஷியாமளாவுக்கு மட்டும் தெரியாமல் போயிற்று.

இரண்டாயிரத்து இரண்டு சித்திரையில் சுலோசனா பவானிபூர் தங்கை வீட்டுக்குப் போய்வந்தாள். திரும்பி வந்து பார்த்தால், வேலியோரம் நின்ற எலுமிச்சை மரத்தைக் காணோம். முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டை நின்றது. காய்க்காக அவள் வைத்த மரமில்லை அது. இலையைத் தின்னப் புழு வரும், புழு பட்டாம்பூச்சியாகும்; அதைப் பார்ப்பதற்கென்றே தினம் காபியோடு போய் நிற்பாள். அந்தச் சமயம் ஒரு புல்புல் அதில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தது.

"தோட்டக்கார மாலிகிட்ட சொல்லி நான்தான் வெட்டச் சொன்னேன்க்கா. என் சைகஸ் செடிக்கு வெயிலே படல. புழுப் பிடிச்ச மரம்தானே, திரும்பத் துளிர்க்கும்," என்றாள் ஷியாமளா.

கூடு குப்பையில் கிடந்தது. தாய்க்குருவி அலகில் பூச்சியோடு சுலோசனாவின் ஜன்னல் கம்பியில் வந்து உட்கார்ந்து கத்தியது. மறுநாளும் வந்தது. சுலோசனா அழவில்லை. இருடி, உனக்கு இருக்கிறது என்று கறுவிக்கொண்டாள்.

ஷியாமளாவின் தோட்டம் துணிக்கடை ஜன்னல் மாதிரி. எல்லாம் வெளிநாட்டுச் செடி, எல்லாவற்றுக்கும் மருந்து. ஒரு குருவி எட்டிப் பார்க்காது. வாசலின் இருபுறமும் குட்டைப் பனை போல நின்ற ஜப்பான் சைகஸ்தான் அவள் உயிர். வருஷத்துக்கு ஒரு தரம்தான் அது துளிர் விடும். மகள் ரோஹிணியை ஒரு வங்காளிப் பையனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். ஆசீர்வாதச் சடங்குக்கு மாப்பிள்ளை வீட்டார் ஆனியில் வருவதாக ஏற்பாடு. அதற்குள் துளிர் விரிந்துவிடும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

வைகாசியில் துளிர் வந்தது. கூடவே விரல் நகமளவு நீலப் பட்டாம்பூச்சிகளும் வந்தன.

"அக்கா, மருந்தடிக்கச் சொல்லட்டுமா?" என்று வேலிக்கு இந்தப் பக்கம் எட்டிக் கேட்டாள் ஷியாமளா.

சுலோசனாவுக்குத் தெரியும். போன வருஷம் கிளப் தோட்டத்துச் சைகஸை அந்த நீலப்பூச்சியின் புழுக்கள் மொட்டையடித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவள். பதில் நாக்கு நுனி வரை வந்தது. அந்தக் கட்டையைப் பார்த்தாள். வந்ததை விழுங்கிவிட்டாள்.

"மருந்தா? நல்லா இருக்கே! பட்டாம்பூச்சிக்கு பெங்காலில என்ன பேரு?"

"பிரஜாபதி."

"கல்யாணத்துக்கு அதுதானே அவங்களுக்கு சாமி? பத்திரிகைல எல்லாம் அதைத்தானே அச்சடிக்கிறாங்க? கல்யாண வீடு தேடி வந்ததை மருந்தடிச்சுக் கொன்னேன்னு உன் சம்பந்தியம்மாகிட்ட சொல்லிப் பாரு."

இதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அதுதான் அவளுக்கு இனித்தது. ஷியாமளா கன்னத்தில் போட்டுக்கொண்டு மாலிக்கு லீவு கொடுத்தாள்.

ஆசீர்வாதத்தன்று சுலோசனா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றாள். வாசலில் புழு தின்ற சைகஸ் இரண்டும் தேய்ந்த துடைப்பங்களாக நின்றன. காரிலிருந்து இறங்கிய சம்பந்தியம்மா அவற்றைப் பார்த்துவிட்டு, "ஈஷ்! செத்த செடியையா சுபகாரியத்துக்கு வாசலில் வைப்பார்கள்?" என்று வங்க மொழியில் கேட்டாள். ஷியாமளாவின் முகம் செத்துப் போயிற்று.

அடுக்களையில் அவள் சுலோசனாவின் கையைப் பிடித்தாள். "உங்களுக்கு முன்னமே தெரியும். தெரியும்தானேக்கா?"

"தெரியும். செடிதானே ஷியாமளா, அடுத்த வருஷம் துளிர்க்கும். குஞ்சு துளிர்க்காது."

கையை விடுவித்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். சம்பந்தியம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னொரு சந்தேஷ் இனிப்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.