கழித்துக் கொடுத்த பெட்டி

மச்சானின் உயிருக்கு விலை நாலாயிரத்து இருநூறு. விற்றவர் சோலார் கடைக்காரர், மச்சானின் மனைவிக்கு அண்ணன். வாங்கியவர் பல் டாக்டர். என்ன விற்கிறோம், என்ன வாங்குகிறோம் என்று அன்றைக்கு இரண்டு பேருக்குமே தெரியாது.

டாக்டர் பல்லைப் பிடுங்குவதுபோலத்தான் விலையையும் பிடுங்குவார். மாடிக்குப் பேனல் கேட்டு வந்தவர் கடைசிவரை படியவில்லை. கைக்கு வந்த வியாபாரத்தை நழுவவிட்டுக் கடைக்காரருக்குப் பழக்கமில்லை. தெருவில் கரண்ட் நின்றால், பேனலின் கரண்ட் தெருக் கம்பிக்குள் திரும்பிப் போகாமல் பேனலையும் லைனிலிருந்து பிரித்துவிடும் சின்னப் பெட்டி ஒன்று உண்டு. அதைக் கழித்து, நாலாயிரத்து இருநூறு குறைத்துக் கொடுத்தார். அது இல்லாவிட்டாலும் விளக்கு எரியும்.

மச்சான் லைன்மேன். கூரைக்குக் கூரை மின்சாரம் கிளம்பியதில் பழைய கம்பி தாங்காமல், தெருத்தெருவாகத் தடித்த கம்பி மாற்றிக்கொண்டிருந்தார்கள். “நீங்க விக்கிற வேகத்துக்கு நான் கம்பி இழுக்க முடியல மச்சான், சூரியன்கிட்ட கமிஷன் வாங்கறீங்களா?” என்று கேலி செய்வார்.

அன்று லைனை அணைத்தாயிற்று. மச்சான் சோதித்துப் பார்த்துத்தான் ஏறினார். வானம் இருட்டிக் கிடந்தது. பதினொரு மணிக்கு மேகம் விலகிச் சுள்ளென்று வெயில் அடித்தது. அவ்வளவுதான்.

அணைத்த லைனில் கரண்ட் எப்படி வந்தது என்று விசாரணைக்கு வந்தவர்களுக்குப் பிடிபடவில்லை. பக்கத்து லைனைக் கவனக்குறைவாகத் தொட்டுவிட்டார் என்று எழுதப் போனார்கள். அப்படி எழுதினால் இழப்பீடு பாதிதான்.

பத்தாம் நாள் தங்கை கடைக்கு வந்தாள். அழவில்லை.

“பணம் பாதி வந்தா வரட்டும்ணா. அவரு கவனமில்லாதவருன்னு எழுதறாங்களே, அதத்தான் தாங்க முடியல. வெயில் வந்ததும்தான் அடிச்சுதுன்னு கீழ நின்னவங்க சொல்றாங்க. வெயிலுக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம்? உனக்குத்தானே தெரியும், சொல்லு.”

வாயை மூலதனமாக வைத்துப் பிழைத்தவர் பில் புத்தகத்தைப் புரட்டினார். அந்த லைனில் பெட்டி இல்லாத வீடு ஒன்றே ஒன்று. சொன்னால் கடை போகும், ஜெயிலும் வரலாம். சொல்லாவிட்டால் இவள் என்றும் அண்ணா என்று கூப்பிடுவாள்.

சொன்னார். பெட்டியைச் சொன்னார், டாக்டரைச் சொன்னார், குறைத்த தொகையையும் சொன்னார்.

தங்கை எழுந்து, “இத அவங்ககிட்ட எழுதிக் குடு” என்றாள். அண்ணா என்று சொல்லவில்லை.

எழுதிக் கொடுத்தார். மச்சான் மேல் இருந்த பழி நீங்கியது. தங்கைக்கு முழுத்தொகை வந்தது. டாக்டருக்கு அபராதம், கடைக்குச் சீல், கடைக்காரர் மேல் வழக்கு. அவரவர் கணக்கு நேராயிற்று. தங்கை வீட்டு வாசலில் போய் நின்றது ஏழு தடவை, கதவு திறந்தது ஒரு தடவைகூட இல்லை. அது மட்டும் பாக்கி.