அறை முளைத்த வீடு

1993 தை மாதம், கனடாவில் ஸ்காபரோ ஏரிக்கரையில் நின்ற ஆங்கிலேய மாளிகைக்கு ஓர் அறை முளைத்தது. அந்த வீட்டுக்கு இது புதுப் பழக்கமில்லை. நானூறு வருடத்துக்கு முன்பு இங்கிலாந்தில், இரும்பாணி ஒன்றுகூட இல்லாமல், ஓக் மரத்தில் துளையிட்டு மரமுளை அடித்துப் பூட்டிய வீடு. கறுத்த மரச்சட்டங்களுக்கு நடுவே வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர். முதலில் நடுக்கூடம் மட்டும்தான் இருந்தது. பிறகு யாராவது வரப்போகும்போதெல்லாம் ஒரு பக்கம் நீண்டது: மருமகளுக்குக் கிழக்கே, இரட்டைப் பிள்ளைகளுக்கு மாடியில். சவர்க்கார வியாபாரி ஒருவர் அதைக் கழற்றி, மரங்களில் இலக்கம் வெட்டி, கப்பலில் கொண்டுவந்து இங்கே பூட்டிய பிறகும் குணம் மாறவில்லை. ஒரேயொரு குறை, வாசல்கள் எல்லாம் தாழ்வு. நெற்றி இடிபடாமல் அங்கே குடியிருந்தவர் எவருமில்லை.

வியாபாரியின் பேரன் அதை வாடகைக்கு விட்டபோது மேல்மாடிக்கு வந்தவர்கள் இராஜரட்ணமும் மனைவி கமலாம்பிகையும். தை மாதத்து அறை அவர்களுடைய மகள் கஜனிக்கு. வயிற்றில் பிள்ளை என்று கமலாம்பிகைக்கே அப்போது தெரியாது. பின்னேரம் சுவருக்குள் தட்டுகிற சத்தம், பச்சை மர வாசம். விடிய அறை தயார். முறைப்படி பால் காய்ச்சினார்கள். புகைக்கு ஃபயர் அலார்ம் அலறி, தீயணைப்புப் படை வந்து, பாற்சோறு சாப்பிட்டுப் போனது. மாநகரசபை அதிகாரி அறையை இரண்டு தரம் அளந்துவிட்டு வரியைக் கூட்டினார். அவருக்கு வேறென்ன வேலை! அடுத்த அறை மாமியாருக்கு, அதற்கடுத்தது மகன் மிதுனனுக்கு. வீடு ஒருதரமும் பிழை விட்டதில்லை.

அதுதான் கமலாம்பிகையைத் தின்றது. அவளுடைய தம்பி கோகுலன், ஊரிலேயே பெரிய நெட்டையன், 1995இல் போருக்குப் பயந்து ஊரே இடம்பெயர்ந்தபோது சனத்தோடு சனமாகப் போனவன். பிறகு ஒரு சேதியுமில்லை. வீடு அவனுக்கு அறை போடவில்லை என்றால் அவன் வரமாட்டான் என்றுதானே அர்த்தம்? சுவரில் காது வைத்துக் கேட்டாள். பிறகு ஏசத் தொடங்கினாள்.

"எத்தினை பேருக்கு இடம் குடுத்தனி, என்ரை தம்பிக்கு மட்டும் ஏன் இல்லை? சொல்லன்!"

"இஞ்சேரும், மரத்தோடை என்ன சண்டை? வந்து சாப்பிடும்" என்பார் இராஜரட்ணம்.

1998 பங்குனியில், பனி கரைகிற நேரம், சுவர் திரும்பவும் தட்டியது. கமலாம்பிகைக்கு ஆசைப்படவே பயமாக இருந்தது. கீழே குடியிருந்த மனோரஞ்சிதம் அன்ரி, தன் மகனுக்குப் பெண் பேசுவதால் அறை தங்களுக்குத்தான் என்று உரிமை கொண்டாடினார். விடிந்ததும் எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். சின்ன அறை, ஒற்றை ஆளுக்குத்தான் காணும். பழக்கதோஷத்தில் குனிந்தபடி உள்ளே போன இராஜரட்ணம், நிமிர்ந்து, திரும்பி வாசலைப் பார்த்தார்.

மற்ற வாசல்களைவிட அது ஒரு முழம் உயரம்.

கமலாம்பிகை கையை நீட்டி மேல்நிலையைத் தொடப் பார்த்தாள்; எட்டவில்லை. வாய்விட்டு அழுதாள். அன்ரி மகனுக்கென்று வைத்திருந்த புதுப் படுக்கை விரிப்பை எடுத்துவரப் போனார்.

"கட்டிலும் நீளமாய்த்தான் வேணும்" என்றாள் கமலாம்பிகை, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இண்டைக்கே போய்ப் பாருங்கோ."

இராஜரட்ணம் கார்ச் சாவியை எடுத்தார்.