முழுத் தொகுப்பில் இல்லாத படம்

கொஞ்சம் அருகே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே 'முற்றும்' போடப்பட்ட ஒருத்தியின் கதை சொல்கிறேன்.

அடுத்தவர் முகங்களை வரைந்தே காலம் தள்ளியவள் அந்த ஓவியக்காரி. நீதிபதி, கப்பல் முதலாளி, முதலாளியின் மனைவி, மனைவியின் நாய். மூக்கைச் சின்னதாக்கு என்றால் சின்னதாக்கிக் கொடுத்தாள். பக்கவாதம் வந்து வலக்கை மரக்கட்டையானதும் அவள் படங்களையெல்லாம் புத்தகமாக்க மகன் ஒரு தொகுப்பாளரைக் கூட்டிவந்தான்.

"இனிமே வரைய மாட்டாங்கதானே?" என்று அவர் கேட்டார். கட்டிலில் கிடந்தவளைக் கேட்காமலே மகன் தலையாட்டினான்.

ஒரு வருடம் இருவரும் அலைந்து இருநூற்றுப் பன்னிரண்டு படங்களைத் தேடிப் பிடித்தார்கள். அந்த ஒரு வருடமும் அவள் இடக்கையைப் பழக்கினாள். சோறு சிந்தி, கோடு கோணி, கடைசியில் ஒரு படம் வந்தது: சமையலறை ஜன்னலில் காயும் பழைய கைப்பிடித் துணி. யாரும் கேட்காத படம். ஆயுளில் தனக்கென்று அவள் வரைந்த ஒரே படம். அது புத்தகத்தில் ஏறினால் போதும் என்றிருந்தாள்.

தொகுப்பாளர் முதல் பிரதியோடு வந்தார்.

"முழுத் தொகுப்புன்னு போட்டிருக்கீங்களே தம்பி, அப்படின்னா என்ன?"

"நீங்க முதமுதல்ல கிறுக்கினதுலேர்ந்து கடைசிப் படம் வரைக்கும், ஒண்ணு விடாம. அதுல இல்லாதது உங்க படமே இல்லைம்மா."

"நாய் இருக்கா?"

"முழுப் பக்கம்!"

அவள் துணிப் படத்தை நீட்டினாள். "அப்போ இது?"

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "கோடு நடுங்குதே. இது உங்க கை இல்லைம்மா."

"பின்னே பக்கத்து வீட்டுக்காரி கையா?"

மகன் குறுக்கே விழுந்தான். "ஏம்மா அடம் பிடிக்கிற? முழுசுன்னு அச்சாயிடுச்சு. இதைச் சேர்த்தா அது பொய்யாயிடும்ல?"

"சேர்க்கலைன்னா உண்மையாடா?"

"வந்தவர் முன்னாடி மானத்தை வாங்காதே."

படத்தை வாங்கி, அலமாரிக்குப் பின்னால் சுவரைப் பார்க்கச் செருகிவிட்டான்.

வெளியீட்டு விழாவில் ஒரு பெண் எழுந்து, "இப்போ என்ன வரையறீங்கம்மா?" என்று கேட்டாள். ஓவியக்காரி வாய் திறப்பதற்குள் மகன் மைக்கைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா எல்லாத்தையும் முடிச்சுட்டாங்க."

கூடமே எழுந்து கைதட்டியது. பக்கத்து நாற்காலிக்காரர் அவள் காதருகே குனிந்து, "இப்படிப் பிள்ளை கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்" என்றார்.

போய் வாருங்கள், என் செல்லங்களா. உங்கள் வீட்டில் உயிரோடு இருப்பவர்களுக்கு யாரும் முற்றுப்புள்ளி வைக்காமல் இருக்கட்டும். வைக்கும் கை உங்கள் கையாக இல்லாமலும் இருக்கட்டும்.