செவிலித்தாய்ச் சீட்டு

"குடு ராமு, அது என் சீட்டு."

"திருப்பிக் குலுக்கலாம்னு சொல்லுதேம்லா—"

"எனக்கு விழுந்தத நீ எதுக்குக் குலுக்கணும்? மூணு வருசமா—"

"மன்றத்துக்குச் செயலாளர் நானா, நீயா?"

"—மூணு வருசமா தோழி, தோழின்னு அதுவேதான் விழுந்துச்சு. வாயத் தொறந்தனா?"

சூரியநெல்லியில் வாயனசாலை என்கிற ஊர் நூலகத்தின் பின்னறையில், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடும் பழந்தமிழ் மன்றம் அது. ஏழு பேர். எல்லாரும் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். ராமலட்சுமி சீட்டை முந்தானைக்குள் பொத்தி வைத்திருந்தாள். சிசிலி அவள் எதிரே கையை நீட்டியபடி நின்றாள்.

மன்றத்துக்கு ஒரே விதிதான். தலைவி, தலைவன், தோழி, தாய் என்று சங்கப் பாட்டில் பேசுகிறவர்களின் பெயரை எழுதி டம்ளரில் போட்டுக் குலுக்குவார்கள். எடுத்ததை மாற்றக் கூடாது. அந்த ஆளாகவே எழுந்து நின்று, சொந்தப் பேச்சில் பொருள் சொல்ல வேண்டும். மீசைக்காரர் செல்லத்துரை ஒருமுறை தலைவியாகி, வராத காதலனுக்காக மூக்கைச் சிந்தியிருக்கிறார்.

"ரம்மிச் சீட்டுக்கு அடிச்சுக்கிட்டுப் பாத்திருக்கேன்," என்றார் அவர். "பாட்டுச் சீட்டுக்கு இன்னைக்குத்தான் பாக்கேன். குடுத்துரு தாயி. விதி போட்டதே நீதான."

"நீங்க சும்மா இருங்க அண்ணாச்சி. இவ அழுவா."

"அழுதா என்ன? அழுறதுக்குத்தான எழுதி வச்சிருக்கான்," என்றாள் சிசிலி.

சிசிலிக்கு விழுந்திருந்தது செவிலித்தாய்ச் சீட்டு. மகள் காதலனோடு ஊரைவிட்டுப் போய்விட, வளர்த்த செவிலித்தாய் வெயில் காட்டில் தேடிப்போகிற பாட்டுகள்தான் அன்றைக்கு வாசிக்க எடுத்தவை. மூன்று வருஷமாக மன்றம் அந்தப் பக்கங்களைத் தொடாமல் தாண்டி வந்தது. சிசிலியின் மகள் நிமி, ஜீப் ஓட்டுகிற வேல்முருகனோடு போய் மூன்று வருஷம். எங்கே இருக்கிறாள் என்று இதுவரை தெரியாது. மன்றத்தில் முதலில் இருந்தவள் நிமிதான். மகள் உட்கார்ந்த நாற்காலியில் உட்காரத்தான் சிசிலி வந்து சேர்ந்தாள். அதையும் வாசித்துவிடலாம் என்று போன வாரம் சொன்னவளும் அவளே.

ராமலட்சுமி சீட்டைக் கொடுத்தாள்.

சிசிலி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புத்தகத்தைப் பிரித்தாள். ஓரத்தில் நிமி பென்சிலால் பொருள் எழுதி வைத்திருந்தாள். அதைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள்.

"நான் வளத்தவ. எம்பிள்ளை போய்ட்டா. காலு தேய நடக்கேன். கண்ணு பூத்துப் போச்சு. எதுக்க வாரவங்ககிட்டல்லாம் கேக்கேன், ஐயா, ஒரு பையனும் ஒரு பிள்ளையும் இந்த வழியா..."

நிறுத்தினாள். விரலை அதே வரியில் வைத்து மறுபடி படித்தாள்.

"ராமு, இவ தேடிப் போறா."

"ஆமா."

"நான் போகலயே."

சிசிலி கண்ணாடியைக் கழற்றினாள்.

"நான் கதவத் தொறந்து வச்சுட்டு வீட்டுலயே இருந்துட்டேன். நாலு நாளு கொழுந்தெடுக்கப் போகல. பிள்ளை திரும்பி வந்தா வீடு பூட்டிக் கெடக்கக் கூடாதேன்னு. நிமி இதெல்லாம் படிச்சவளாச்சே. அம்மா பின்னால வருவான்னு நெனச்சிருப்பாளோ?"

ராமலட்சுமி தரையைப் பார்த்தாள்.

"அவளுக்குப் பை கட்டிக் குடுத்தது நீதான். எனக்குத் தெரியும்," என்றாள் சிசிலி.

"தெரியுமா?"

"உங்க வீட்டுப் பெரிய பையக் காணோம், நீ தேடவே இல்லையே. தோழின்னா அப்படித்தான செய்வா. அத நான் கேக்கல. நீ வேற என்னத்தையோ ஒளிக்க."

ராமலட்சுமிக்கு உதடு கோணியது.

"நாந்தாட்டி சொன்னேன். 'பயப்படாத, உங்கம்மா பின்னாலயே வருவா. பூப்பாறையில நில்லுங்க. வந்து நாலு வசவு வஞ்சுட்டு ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்துருவா'ன்னு. பாட்டுல அத்தன தாயும் தேடிப் போறாளே, இவ போகாம இருப்பாளான்னு நெனச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"நான் சொல்லி நீ போனா, அது நீயா போனதாகுமா? உன் மனசுலேருந்து கெளம்பணும்னு இருந்தேன். எங்க வீட்டு வாசல்ல நின்னு பாத்துட்டே இருந்தேன், சிசிலி. அவ எழுதி வச்சுட்டுப் போன கடுதாசியப் படிச்ச. கதவத் தொறந்து வச்ச. பெறவு போய் அடுப்ப மூட்டுன."

"அவளுக்குத்தான். பசியோட வருவான்னு."

"எனக்கு அது தெரியலயே. பிள்ளைய வேண்டாம்னுட்டியோன்னு பயந்துட்டேன்."

செல்லத்துரை தேநீர் டம்ளரைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தார்.

"பெறவு?" என்றாள் சிசிலி.

"பொழுது சாயப் போன் பண்ணா. 'பெரியம்மா, அம்மா வரல. போடிக்குப் போற பஸ்ஸயெல்லாம் விட்டுட்டு நின்னேன். இனிமே வர மாட்டா'ன்னா. அதோட நம்பர மாத்திட்டா. எனக்கும் தெரியாது இப்ப. சத்தியமாத் தெரியாது."

சிசிலி சீட்டை மடித்து, பென்சில் எழுத்து இருந்த பக்கத்தில் வைத்துப் புத்தகத்தை மூடினாள். நிமியின் நாற்காலியில் உட்கார்ந்தாள். வெளியே ஒரு ஜீப்காரர் பூப்பாறை, பூப்பாறை என்று ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தன பஸ்ஸ விட்டா, ராமு?"